பூட்டிய போனும் வாரிசுச் சான்றிதழும்

ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய வீட்டுக்கும் நிலத்துக்கும் நகைக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வங்கியில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பட்டாவை மாற்ற வேண்டும். ஆனால் கடைசி நாள்வரை அவர் கையிலேயே இருந்த போனைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. போன் என்கிற பொருள் வாரிசுகளுக்குப் போகும், அதில் குழப்பம் இல்லை. கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் என்ன சட்டமோ அதேதான். குழப்பமெல்லாம் அதற்குள்ளே இருப்பதைப் பற்றித்தான்.

உள்ளே இருப்பதும் ஒரே வகை அல்ல. பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள், எல்ஐசி பிரீமியம் கட்டிய ரசீது, யாருக்கோ கைமாற்றாகக் கொடுத்த பணத்தின் கணக்கு ஒரு பக்கம். பழைய சிநேகிதியோடு நள்ளிரவில் பேசிய பேச்சு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் டாக்டருக்கு மட்டும் அனுப்பிய ரிப்போர்ட், தம்பியின் மேலிருந்த கோபத்தையெல்லாம் மனைவியிடம் கொட்டித் தீர்த்த வாய்ஸ் மெசேஜ் இன்னொரு பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பக்கம் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டியது, இரண்டாவது பக்கம், அவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, அவரோடு முடிய வேண்டியது. போனின் பூட்டும் சரி, நிறுவனங்களின் விதிகளும் சரி, நம் சட்டமும் சரி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். அதனால் ஒரு வீட்டில் எல்லாமே அழிந்துபோகிறது, இன்னொரு வீட்டில் எல்லாமே அம்பலமாகிறது, இரண்டு வீட்டிலுமே இறந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் குடும்பங்கள் அவசரப்பட்டு எல்லாவற்றையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நாம் அடிக்கும் நான்கு இலக்க, ஆறு இலக்க எண்ணைப் போன் சரிபார்க்கிறது, சரியாக இருந்தால் திறக்கிறது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய போன்களில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. இப்போதைய போன்களில் உள்ளே சேமிக்கும் எல்லாமே சங்கேதமாக மாற்றப்பட்டுத்தான் எழுதப்படுகிறது. அதைத் திரும்பப் படிப்பதற்கான சாவி, நீங்கள் அடிக்கும் எண்ணும் அந்தப் போனின் சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட இன்னொரு ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் உருவாகும். ஆகவே மெமரி சிப்பைக் கழற்றி வேறு போனில் வைத்தாலும் பயனில்லை, உள்ளே இருப்பது வெறும் குப்பையாகத்தான் தெரியும். ஐபோனின் மென்பொருளில் 2014-ல் வந்த ஐஓஎஸ் 8-லிருந்து, பாஸ்கோட் இல்லாமல் ஐபோனைத் தங்களாலேயே திறக்க முடியாது என்று ஆப்பிள் சொல்லிவருகிறது. ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள். பிறந்த தேதி, கல்யாண நாள், வண்டி நம்பர் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால், சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு போன் காத்திருக்கச் சொல்லும், காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும், பத்து முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்ற அமைப்பை அவர் போட்டு வைத்திருந்தால் அத்தோடு முடிந்தது.

'லாக் எடுத்துத் தரப்படும்' என்று போர்டு வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறைய. அங்கே பெரும்பாலும் நடப்பது ரீசெட். போன் புதிதாக வாங்கியதைப் போலத் திறக்கும், ஆனால் அந்தச் சாவி அழிந்துவிட்டதால் பழைய படம் ஒன்றுகூடத் திரும்ப வராது. அது மட்டுமில்லை, ரீசெட் ஆன போன் பழைய ஆப்பிள் ஐடியையோ கூகுள் கணக்கையோ கேட்டுக்கொண்டு நிற்கும். நம் பெரியவர்கள் பலருக்குப் போன் வாங்கிய கடையில் இருந்த பையனே ஏதோ ஒரு ஜிமெயில் முகவரியை உருவாக்கி, ஏதோ ஒரு பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்திருப்பான். அது என்னவென்று இறந்தவருக்கே தெரிந்திருக்காது.

சரி, கைரேகை? கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் கேட்கிறார்கள். 2018-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் லார்கோ நகரத்துத் துப்பறியும் போலீஸ்காரர்கள் இருவர், சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் உடல் வைக்கப்பட்டிருந்த இடத்துக்கே போய், அவருடைய விரலை எடுத்து அவருடைய போனில் வைத்துப் பார்த்தார்கள். திறக்கவில்லை, குடும்பத்தினர் கொதித்துப்போனார்கள். விரல் ஒத்துழைத்தாலும் நேரம் ஒத்துழைக்காது. ஐபோனைத் தொடர்ந்து 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தால் அது கைரேகையையும் முகத்தையும் ஏற்றுக்கொள்ளாது, பாஸ்கோட்தான் வேண்டும். போனை அணைத்துப் போட்டால் உடனேயே அந்த நிலைமை. 2024-ல் வந்த ஐஓஎஸ் 18.1-லிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: மூன்று நாள் திறக்கப்படாமல் இருக்கும் ஐபோன் தானாகவே அணைந்து ஒருமுறை மறுபடி தொடங்கும். 2025-ல் ஆண்ட்ராய்டிலும் இதே மாதிரி ஏற்பாடு வந்துவிட்டது. திருடனையும் போனை உடைத்துப் பார்க்கிறவர்களையும் மனதில் வைத்துச் செய்த பாதுகாப்பு இது, சாவு வீட்டை மனதில் வைத்துச் செய்ததல்ல.

அப்படி மறுபடி தொடங்கிய போனில் ஒன்றைக் கவனிக்கலாம். அதுவரை யாராவது கூப்பிட்டால் 'பெரியக்கா', 'ஆபீஸ் ரவி' என்று பெயர் வந்துகொண்டிருந்தது. இப்போது வெறும் எண் மட்டும் வரும். தொடர்பு எண்களின் பட்டியலும் அந்தச் சங்கேதத்துக்குள்தான் இருக்கிறது, ஒருமுறையாவது பாஸ்கோடைப் போட்டால்தான் போனுக்கே அந்தப் பெயர்கள் தெரியும். துக்கம் விசாரிக்கக் கூப்பிடுகிறவர் யார் என்று தெரியாமல் எடுத்துப் பேச வேண்டியிருக்கும், யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியலும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இத்தாலியில் ஓர் அப்பாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. புற்றுநோயால் 2015-ல் இறந்துபோன அவருடைய 13 வயது மகன், அப்பாவும் பார்க்கட்டும் என்று தன் ஐபோனில் அவருடைய கைரேகையையும் பதிந்து வைத்திருந்தான். ஆனால் இடையில் போன் அணைந்து மறுபடி தொடங்கிவிட்டது, பாஸ்கோட் இல்லாமல் கைரேகை செல்லாது. 2016-ல் அவர் ஆப்பிளின் தலைமை அதிகாரி டிம் குக்குக்கே கடிதம் எழுதினார். போலீசுக்குப் போன் திறக்கும் கருவிகளை விற்கும் செல்லபிரைட் என்ற இஸ்ரேலிய நிறுவனம் காசு வாங்காமல் உதவுகிறோம் என்று முன்வந்தது. அந்தப் பையனின் விருப்பம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்திருந்தது என்பதைப் பாருங்கள், அப்படியும் பூட்டு அதைக் கேட்கவில்லை.

போனுக்குள் இருப்பது ஒரு பாதி என்றால், நிறுவனங்களின் கணினிகளில் இருப்பது மறுபாதி. அங்கே சங்கேதம் மட்டும் பிரச்சினை இல்லை, ஒப்பந்தமும் பிரச்சினை. ஆப்பிளின் சேமிப்புச் சேவையான ஐகிளவுடில் கணக்கு தொடங்கும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் விதிகளிலேயே, சட்டம் வேறு மாதிரி சொன்னால் ஒழிய, இந்தக் கணக்கை யாருக்கும் மாற்றித் தர முடியாது, இதில் உள்ளவற்றின் மேல் உங்களுக்கு இருக்கும் உரிமை உங்கள் மரணத்தோடு முடிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஆப்பிள் 'லெகசி கான்டாக்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உயிரோடு இருக்கும்போதே ஐந்து பேர்வரை நியமிக்கலாம். அவர்களுக்கு ஒரு நீண்ட சாவி எண் கிடைக்கும், அதோடு இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால் ஆப்பிள் சரிபார்த்துக் கணக்கைத் திறந்துவிடும், மூன்று வருடம் கழித்துக் கணக்கு நிரந்தரமாக அழிக்கப்படும். சேமித்த பாஸ்வேர்டுகளும் கார்டு விவரங்களும் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் படமும் மட்டும் வராது. மற்றதெல்லாம் வரும், புகைப்படம், குறிப்புகள், மெயில், ஐகிளவுடில் உள்ள மெசேஜ்கள், உடல்நலத் தகவல் உட்பட. படம் மட்டும் போதும், மெசேஜ் வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நான் மேலே சொன்ன இரண்டு பக்கத்தையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கிறது.

இந்த விஷயத்தில் கூகுள் செய்திருப்பது மேல். 2013-லிருந்தே 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஜிமெயில் வைத்திருக்கும் யாரும் கணக்கு அமைப்புகளுக்குள் போய்ப் போட்டுக்கொள்ளலாம். 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் கணக்கைத் தொடவில்லை என்றால், முதலில் உங்களுக்கு எச்சரிக்கை வரும், அப்புறம் நீங்கள் குறிப்பிட்ட 10 பேர்வரை தகவல் போகும். முக்கியமானது இது: யாருக்கு எது என்று தனித்தனியாகப் பிரிக்கலாம். மகளுக்கு கூகுள் போட்டோஸ் மட்டும், தொழில் கூட்டாளிக்கு டிரைவ் மட்டும், ஜிமெயில் யாருக்கும் வேண்டாம், எல்லாம் முடிந்ததும் கணக்கையே அழித்துவிடு என்றுகூடச் சொல்லலாம். இப்படி எதையும் செய்யாமல் இறந்துவிட்டால், நெருங்கிய குடும்பத்தினர் கேட்டால் கணக்கை மூடித் தருவார்கள், சில சூழ்நிலைகளில் உள்ளடக்கத்தையும் தரக்கூடும், பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் தர மாட்டார்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது 2023-ல் அறிவித்த கொள்கை. அப்பாவின் படமெல்லாம் கூகுளில் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் இந்த இரண்டு வருடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐகிளவுடில் கெடு இன்னும் குறைவு, போன் பேக்கப் எடுப்பதை நிறுத்தி 180 நாள் ஆனால் பழைய பேக்கப் போய்விடும்.

வாட்ஸ்அப் தனிக் கதை. நம் ஊரில் ஒருவருடைய அந்தரங்கம் என்று சொன்னால் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது, ஆனால் வாட்ஸ்அப் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை, அவர்களிடம் அது இல்லை. அனுப்பிய செய்தி சேர வேண்டியவருக்குச் சேர்ந்ததும் அவர்களுடைய கணினியிலிருந்து போய்விடும். முக்கியமாக இருப்பது மூன்று இடங்களில்: இறந்தவரின் போனில், எதிர்ப்பக்கம் பேசியவரின் போனில், பேக்கப் எடுத்திருந்தால் கூகுள் கணக்கிலோ ஐகிளவுடிலோ. கணக்கு 120 நாள் வாட்ஸ்அப்போடு தொடர்பில்லாமல் கிடந்தால் பொதுவாக அழிக்கப்படும். அழிக்கப்பட்டதும் அவர் இருந்த குழுக்களில் எல்லாம், குடும்பக் குழு உட்பட, அவர் குழுவிலிருந்து விலகினார் என்று ஒரு வரி வரும். நான்கு மாதம் கழித்துத் திடீரென்று அந்த வரியைப் பார்த்து ஆடிப்போனவர்கள் உண்டு. போனைத் திறக்க முடிந்து, இன்டர்நெட்டோடு வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தால் அந்த வரி வராது.

அடுத்தது அந்த எண். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை, உண்மையில் அதிக ஆபத்து இதில்தான். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்ட ப்ரீபெய்டு சிம் 90 நாளுக்குப் பிறகு துண்டிக்கப்படலாம். துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் தரக்கூடாது என்பது விதி. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு மனுவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைச் சொன்னது, எண்ணை விடுவதற்கு முன் தங்கள் வாட்ஸ்அப் தகவலை அழித்துக்கொள்வது பயன்படுத்துகிறவரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் சொல்லி மனுவை முடித்துவைத்தது. இறந்தவர் எப்படி அழித்துக்கொள்வார் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அப்புறம் அந்த எண் சேலத்திலோ சூரத்திலோ யாரோ ஒருவர் கைக்குப் போகும். அவர் வாட்ஸ்அப்பைத் தொடங்கினால் உங்கள் போனில் 'அப்பா' என்று இருக்கும் பெயருக்கு மேலே முன்பின் தெரியாத ஒருவரின் முகம் வரும். பழைய உரையாடல் அவருக்குக் கிடைக்காது, 45 நாளுக்கு மேல் சும்மா கிடந்த எண் வேறு போனில் தொடங்கப்பட்டால் பழைய படத்தையும் அறிமுக வரியையும் வாட்ஸ்அப் நீக்கிவிடும். ஆனால் அந்த எண்ணோடு இணைத்திருந்த ஜிமெயிலுக்கும் வங்கிக்கும் ஃபேஸ்புக்குக்கும் வரும் ஓடிபி எல்லாம் இனி அவருக்குத்தான் போகும். துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பார்த்து வங்கிகளும் யூபிஐ செயலிகளும் வாரம்தோறும் தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று யூபிஐயை நடத்தும் என்பிசிஐ 2025-ல் சொன்னது இதனால்தான்.

இனி சட்டம். இதில் உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட வழக்கு பெர்லினில் நடந்தது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012-ல் 15 வயதுப் பெண் ஒருத்தி சுரங்க ரயிலில் அடிபட்டு இறந்துபோனாள். விபத்தா, தானே விழுந்தாளா என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. ரயிலை ஓட்டியவர் மன அதிர்ச்சிக்காக நஷ்டஈடு கேட்டார், அதனால் இந்தக் கேள்விக்குப் பணச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. அம்மாவிடம் மகளின் ஃபேஸ்புக் பாஸ்வேர்டு இருந்தது. ஆனால் அதற்குள் யாரோ அவள் இறந்துவிட்டதாக ஃபேஸ்புக்குக்குச் சொல்லிவிட, கணக்கு நினைவுப் பக்கமாக மாற்றப்பட்டுவிட்டது. நினைவுப் பக்கமான பிறகு சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே போக முடியாது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2015-ல் முதல் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2017-ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள், 2018 ஜூலை 12 அன்று சிவில் வழக்குகளில் ஜெர்மனியின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. காரணம் எளிமையானது: ஜெர்மன் சட்டத்தில் இறந்தவரின் நாட்குறிப்பும் அந்தரங்கக் கடிதங்களும் வாரிசுகளுக்குத்தான் போகின்றன, காகிதத்துக்கு ஒரு நீதி, கணினிக்கு வேறு நீதி என்று இருக்க முடியாது. எதிர்ப்பக்கம் எழுதியவர்களின் அந்தரங்கம் என்ன ஆவது என்ற கேள்விக்கு, செய்தி அனுப்புகிறவர் அதை ஒரு கணக்குக்கு அனுப்புகிறார், அந்தக் கணக்கை எதிர்ப்பக்கம் யார் திறந்து படிப்பார்கள் என்பதற்கு அவருக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் பதில் சொன்னது.

அத்தோடு முடியவில்லை. ஃபேஸ்புக் ஒரு யூஎஸ்பி குச்சியில் 14,000 பக்கத்துக்கும் மேலான ஒரே பிடிஎஃப் கோப்பைப் போட்டுக் கொடுத்தது. எது எந்த உரையாடல் என்று கண்டுபிடிக்கவே முடியாத அந்தக் கோப்போடு பெற்றோர் மறுபடி நீதிமன்றம் போனார்கள், மகள் எப்படிப் பார்த்தாளோ அப்படியே கணக்கைப் பார்க்க விட வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மகள் இறந்து ஏறக்குறைய எட்டு வருடம் ஆகியிருந்தது.

பெற்றோரின் வேதனை புரிகிறது, அந்த வழக்கில் அவர்களுக்கு உண்மையான தேவை இருந்தது. ஆனாலும் 2018 தீர்ப்பின் அந்தக் கடைசி வாதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 15 வயதுத் தோழி ஒருத்தி இரவு பதினொரு மணிக்குத் தன் வீட்டில் நடக்கும் சண்டையைப் பற்றி எழுதும்போது ஒரு கணக்குக்கு எழுதவில்லை, தன் தோழிக்கு எழுதுகிறாள். இந்த இடத்தில் அமெரிக்காவில் 2015-ல் வரைந்து, அப்புறம் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம் சரியான கோட்டைப் போட்டிருக்கிறது. இறந்தவரின் டிஜிட்டல் சொத்துகளை நிர்வகிக்கிறவர் மற்றதையெல்லாம் கேட்டு வாங்கலாம், யாரிடமிருந்து எப்போது மெயில் வந்தது என்ற பட்டியலைக்கூட வாங்கலாம்; ஆனால் அந்த மெயிலில் என்ன எழுதியிருந்தது என்பதை, இறந்தவர் உயிரோடு இருக்கும்போது சம்மதித்திருந்தாலோ நீதிமன்றம் உத்தரவிட்டாலோதான் பார்க்க முடியும். நிறுவனம் தரும் கருவியில் அவர் என்ன போட்டிருக்கிறாரோ அதற்கு முதலிடம், அப்புறம் உயில், இரண்டும் இல்லை என்றால்தான் நிறுவனத்தின் விதிகள். ஈராக்கில் 2004-ல் இறந்த ஒரு படைவீரரின் யாஹூ மெயிலுக்காக அவருடைய அப்பா மிச்சிகன் நீதிமன்றத்துக்குப் போனதும், 2005-ல் 10,000 பக்கத்துக்கும் மேல் மெயில்கள் ஒரு சிடியில் வந்துசேர்ந்ததும் அங்கே பெரிய விவாதமானது. அந்த மாதிரி வழக்குகளின் அனுபவத்திலிருந்து வந்த சட்டம் இது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இறந்தவர்களுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்லி, உறுப்பு நாடுகள் வேண்டுமானால் தனியாகச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. டென்மார்க் 10 வருடப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது, தன் தகவலை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை பிரான்ஸ் 2016-ல் கொடுத்தது.

நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது: இறந்துபோனாலோ செயலிழந்துபோனாலோ தன் சார்பில் உரிமைகளைப் பயன்படுத்த ஒரு நாமினியை நியமிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான பகுதிகள் 18 மாத அவகாசத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அந்த நாமினிக்குக் கிடைப்பது என்ன என்று பார்த்தால், நிறுவனம் என்னென்ன தகவல் வைத்திருக்கிறது என்ற சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், புகார் கொடுக்கலாம். படங்களை எடுத்துக் கொடு, உரையாடலைக் காட்டு என்று கேட்கும் உரிமை அதில் தெளிவாக இல்லை. நாமினியை நியமிக்காமல் இறந்தவர்களைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் இறப்போம். அதோடு, வீட்டு உபயோகத்துக்காகத் தனிநபர் ஒருவர் கையாளும் தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அண்ணன் தன் வீட்டில் உட்கார்ந்து இறந்துபோன தங்கையின் போனைத் திறந்து படித்தால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது.

அரசியலமைப்பு தரும் அந்தரங்க உரிமை? 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்று சொன்னது உண்மை. ஆனால் இறந்தபிறகு? ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுப்பதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடர்ந்த வழக்கில், ஒருவர் வாழ்ந்தபோது சம்பாதித்த அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு மறைந்துவிடுகின்றன, நிலபுலத்தைப் போல வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் அப்பா தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் 2023-ல் இதையேதான் சொன்னது. அவர் இறந்த 2020-ல், அவரோடு தொடர்புடையவர்களின் வாட்ஸ்அப் உரையாடல்களை டிவி சேனல்கள் வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தன. இரண்டு வழக்குகளுமே சினிமா சம்பந்தப்பட்டவை, பொது வாழ்க்கையில் இருந்தவர்களைப் பற்றியவை. ஒரு சாதாரண மனுஷியின் போனுக்கு அந்தத் தர்க்கத்தை அப்படியே நீட்டினால் என்ன ஆகும் என்று யாரும் இன்னும் தீர்மானமாகச் சொல்லவில்லை.

நம் ஊரில் இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் போனைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள், வேறு சாதிப் பையனோடு அவள் மூன்று வருடம் பேசிய பேச்சு அதில் இருக்கிறது. அவளுக்கு இனி எந்தக் கெடுதலும் வராது. அவனுக்கு வரும். அவனுடைய எண், படம், எங்கே வேலை பார்க்கிறான், எப்போது எங்கே சந்தித்தார்கள் என்பதெல்லாம் அந்தப் போனில் இருக்கிறது, சாதிக்காகக் கொலை நடக்கும் மாநிலத்தில் நாம் இருக்கிறோம். தன்பால் ஈர்ப்புள்ள ஒருவரின் போன் என்றாலும், சீட்டுப் பணத் தகராறைப் பற்றித் தோழி ரகசியமாகச் சொன்னது என்றாலும் இதே கதைதான். இறந்தவரின் அந்தரங்கம் முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் சொன்னாலும் எதிர்ப்பக்கம் பேசியவர் உயிரோடு இருக்கிறார், அவருடைய உரிமை அப்படியே இருக்கிறது. குடும்பம் என்கிற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் படிக்கலாம் என்று நாம் எடுத்துக்கொள்வது தவறு, அன்பினால் படித்தாலும் தவறுதான்.

அதனால் பிரிக்கும் வேலையை உயிரோடு இருக்கும்போது நாமேதான் செய்துவைக்க வேண்டும். பழைய வீட்டுப் பீரோவில் வெளிக்கதவின் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கும், உள் லாக்கர் சாவி ஒருவரிடம்தான் இருக்கும். போனையும் அந்த மாதிரி வைத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது. குடும்பப் படங்களைப் பகிர்ந்த ஆல்பமாக இப்போதே மற்றவர்களோடு வைத்துக்கொண்டால், நாளைக்கு அதற்காக யாரும் உங்கள் போனைத் திறக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட உரையாடலுக்கு மட்டும் தனி ரகசிய எண் போட்டுப் பூட்டலாம், 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானாக மறையும்படியும் வைக்கலாம். கூகுளின் அந்த அமைப்பைப் போட சில நிமிடம்தான் ஆகும். பாஸ்கோடை ஒரு காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், மாற்றும்போதெல்லாம் காகிதத்தையும் மாற்றுங்கள். எண்ணை உயிலில் எழுத வேண்டாம், உயிலைப் பலர் படிப்பார்கள். யார் எதைப் பார்க்கலாம், எதைப் படிக்காமல் அழிக்க வேண்டும் என்பதை மட்டும் உயிலில் எழுதுங்கள். உயில் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் உள்ள காகிதமாகவே இருக்கட்டும், மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இப்போதுதான் ஒருவரை இழந்திருக்கிறீர்கள், மேலே சொன்ன எதுவும் செய்யப்படவில்லை என்றால்: போனை அணைக்க வேண்டாம், சார்ஜ் தீர விட வேண்டாம், யார் சொன்னாலும் ரீசெட் வேண்டாம். குத்துமதிப்பாக எண்களை அடித்துப் பார்ப்பதை முதல் இரண்டு மூன்று முயற்சியோடு நிறுத்திவிடுங்கள். ஃபேஸ்புக்குக்கு உடனே தகவல் சொல்லி நினைவுப் பக்கமாக மாற்றுவதில் அவசரம் காட்ட வேண்டாம், அதைத் திரும்ப மாற்றுவது கஷ்டம். சந்தேக மரணம் என்று போலீஸ் போனை எடுத்துக்கொண்டு போனால் என்னென்ன எடுத்தார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய யூபிஐ பின் தெரியும் என்பதற்காகப் பணத்தை மாற்றாதீர்கள், மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. வங்கிக்கு இறப்புச் சான்றிதழோடு முறையாகப் போங்கள். மூன்று மாதமாவது சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள், கணக்குகளை மூடவும் மீட்கவும் வரும் ஓடிபி அதில்தான் வரும். இறப்புச் சான்றிதழும் உறவுக்கான ஆதாரமும் உங்கள் ஆதாரும் கொண்டுபோனால் அந்த எண்ணை வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றித் தருவார்கள். வங்கி, எல்ஐசி, கேஸ், ஜிமெயில் என்று அந்த எண் இணைந்திருக்கும் ஒவ்வொன்றிலும் மாற்றி முடித்தபிறகு எண்ணை விடுவதா வைத்துக்கொள்வதா என்று நிதானமாக முடிவு செய்யலாம்.